தோட்டா ஏன் சிக்குகிறது?

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் குழாய் ஒழுகுகிறது, மிக்ஸி சுற்ற மறுக்கிறது, தையல் மெஷின் நூலை அறுக்கிறது என்பவைதான் அதிகம். இந்த வாரம் வந்திருப்பது சற்று வேறு ரகம். கோவையிலிருந்து ஒரு தாயார் எழுதுகிறார்:

"என் பெண் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மூன்று வருஷமாகக் காற்றுத் துப்பாக்கியில் சுட்டுப் பழகியவள், இப்போது 25 மீட்டர் பிஸ்டலுக்கு மாறியிருக்கிறாள். பிஸ்டல் க்ளப்புடையது. ஐந்து தோட்டா போட்டால் மூன்றாவதோ நான்காவதோ உள்ளே போகாமல் சிக்கிக்கொள்கிறதாம். அடுத்த மாதம் போட்டி. தினமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். புதிதாக ஒன்று வாங்கினால்தான் சரியாகும் என்று உடன் சுடும் பெண்கள் சொல்கிறார்களாம். விலையைக் கேட்டதும் அவள் அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார். எஞ்சினீயரிங் படிக்கும் அவள் அண்ணனோ, 'அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்' என்கிறான். எனக்கு அந்தச் சாமானைக் கண்டாலே பயம். நான் என்ன சொல்லட்டும்?"

முதல் காரியமாக, பிள்ளையாண்டானிடமிருந்து அரத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், அம்மா. துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே உரிமம் வேண்டும் என்கிறது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். அதிலும் இது க்ளப்பின் உடைமை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தேய்த்துவிட்ட இரும்பை மறுபடி ஒட்டவைக்க முடியாது.

புதிது வாங்கும் யோசனையையும் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். தையல் மெஷினில் நூல் அறுந்தால் நாம் உடனே மெஷினையா மாற்றுகிறோம்? ஊசி மழுங்கியிருக்கிறதா, நூல் மட்டமா, பாபினில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். இந்தச் சின்னப் பிஸ்டலும் அந்த ஜாதிதான். பெரும்பாலும் குற்றவாளி பிஸ்டலாக இருப்பதில்லை. தோட்டாவை ஊட்டும் மாகஸின், தோட்டா, அழுக்கு, இந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கும். (மாகஸின் என்றதும் நம் பத்திரிகை நினைவுக்கு வர வேண்டாம். தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிஸ்டலுக்குள் செருகும் ஒல்லியான தகரக் கூட்டுக்கும் அதே பெயர்தான்.)

ஒரு தாயார் வாங்கிய தங்கம்

காரணங்களுக்குப் போகுமுன், பயந்த தாயாருக்கு ஒரு சேதி. ஒலிம்பிக் பந்தயத்தில் பெண்களுக்கென்று 25 மீட்டர் பிஸ்டல் போட்டி முதன்முதலாக நடந்தது 1984-ல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில். அதில் தங்கம் வென்றவர் கனடாவின் லிண்டா தாம். அப்போது அவருக்கு வயது 40, குழந்தைகளின் தாயார், பாரிஸில் சமையற்கலை படித்தவர். 1968-க்குப் பிறகு கோடைக்கால ஒலிம்பிக்கில் கனடாவுக்குக் கிடைத்த முதல் தங்கமும் அதுதான். கரண்டி பிடித்த கைக்குப் பிஸ்டல் பிடிக்க வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நம் நாட்டையும் பாருங்கள். 2018-ல் ஜகார்த்தாவிலும் பாலெம்பாங்கிலும் நடந்த ஆசிய விளையாட்டில் இதே 25 மீட்டர் பிஸ்டலில் தங்கம் வென்றார் கோலாப்பூர்ப் பெண் ராஹி ஸர்னோபத். ஆசிய விளையாட்டின் துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். தாய்லாந்து வீராங்கனையுடன் புள்ளிகள் சமமாகி, கூடுதல் சுற்றுச் சுட்டுத்தான் வெற்றி முடிவாயிற்று. அப்படிப்பட்ட நேரத்தில் ஐந்து தோட்டாவும் தடையில்லாமல் ஏறினால்தான் கையின் திறமைக்கு வேலை. ஆகவே உங்கள் பெண்ணின் கவலை அற்பக் கவலையல்ல.

சின்னத் தோட்டாவின் சுபாவம்

என்.சி.சி.யில் இருந்த சகோதரிகளுக்கு 'பாயின்ட் டூ டூ' என்ற பெயர் நினைவிருக்கும். இந்தப் பிஸ்டலில் போடுவதும் அந்தத் தோட்டாதான். மொத்த நீளம் ஒரு அங்குலம். 1887-ல் அமெரிக்காவில் பிறந்தது. இன்றுவரை உருவம் மாறவில்லை.

பெரிய தோட்டாக்களில், தட்டினால் பற்றிக்கொள்ளும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தில் இருக்கும். இதில் அப்படியில்லை. பித்தளைக் கூட்டின் அடியில், தட்டின் விளிம்புபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்துக்குள்ளேயே அந்த மருந்து பூசப்பட்டிருக்கிறது. சுத்தி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். அதனால்தான் இதற்கு 'ரிம்ஃபயர்' என்று பெயர். விளிம்பு நசுங்க வேண்டுமானால் கூடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லியதாக இருப்பதால் பலமான வெடிமருந்தை அதில் அடைக்க முடியாது.

விசையை இழுத்ததும் என்ன நடக்கிறது? ஈயக் குண்டு குழலின் வழியே முன்னால் பாய்கிறது. காலிக் கூடு பின்னால் உதைத்து, போல்ட் என்ற இரும்புக் கட்டையைத் தள்ளுகிறது. போல்ட்டிலுள்ள சிறு கொக்கி, கூட்டைப் பிடித்து இழுத்து வருகிறது. வழியிலே ஒரு முளை தடுக்கிவிட, கூடு வெளியே தெறிக்கிறது. பின்னால் போன போல்ட்டை ஸ்பிரிங் மறுபடி முன்னுக்குத் தள்ளுகிறது. வரும் வழியில் அது மாகஸினின் மேல்தோட்டாவை உரசி எடுத்துத் தோட்டா அறைக்குள் நுழைக்கிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் இவ்வளவும் முடிந்துவிடும்.

இத்தனை வேலையும் அந்தச் சொற்ப மருந்தின் உதையிலேயே நடந்தாக வேண்டும். பலசாலி என்றால் தடையைத் தள்ளிக்கொண்டு போய்விடுவான், இவன் நோஞ்சான். வழியில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தால் நின்றுவிடுகிறான். போதாக்குறைக்கு ஈயக் குண்டின்மேல் மெழுகோ கிரீஸோ பூசியிருக்கிறது. அதுவும் வெடிமருந்துக் கரியும் சேர்ந்து, எண்ணெய்ப் பிசுக்கேறிய சமையலறை ஜன்னல் மாதிரி உள்ளே படிந்துவிடுகிறது.

தொடுவதற்கு முன்னால்

சிக்கியது என்றால் பெண் முதலில் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. குழல் இலக்கின் பக்கமே பார்த்திருக்க வேண்டும். விரல் விசையைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். "என்ன ஆயிற்று பார்" என்று பக்கத்துத் தோழியிடம் காட்டப் பிஸ்டலோடு திரும்புவதுதான் பேராபத்து. சிக்கிய துப்பாக்கி செத்த துப்பாக்கி அல்ல.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? குறைந்தது 30 விநாடி இலக்கை நோக்கியே பிடித்துக் காத்திருக்க வேண்டும். மருந்து மெல்லப் பற்றித் தாமதமாக வெடிப்பது அபூர்வம், ஆனால் உண்டு.

வழக்கமான 'டப்' சத்தம் இல்லாமல் 'புஸ்' என்று மெல்லிய சத்தம் கேட்டால், அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. குண்டு குழலின் நடுவிலேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் செலுத்தினால் குழலே பாழாகும், கைக்கும் ஆபத்து. அப்போது பயிற்சியாளரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது.

மற்றபடி திறக்கும்போது வரிசை முக்கியம். முதலில் மாகஸினைக் கழற்ற வேண்டும். பிறகே போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்தி, அறை காலியா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வரிசை மாறி, போல்ட்டை முதலில் இழுத்துவிட்டால், சிக்கியதை எடுத்த கையோடு அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும். "மாகஸினை எடுத்துவிட்டேனே, காலிதானே" என்ற நினைப்போடு யாராவது விசையை இழுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிக்கியதைக் கத்தி முனையாலோ ஸ்குரூ டிரைவராலோ நெம்பக் கூடாது. வெடிக்கும் மருந்து விளிம்பில்தானே இருக்கிறது? நெம்பும் இரும்பும் அங்கேதான் போய் அழுத்தும். முழுதும் மூடாமல் நிற்கும் போல்ட்டைத் தட்டி மூடுவதும் அதே தப்பு. கண்ணாடியும் காதடைப்பானும் போடாமல் சுடும் இடத்துக்குள் நிற்கவே கூடாது.

நான்கு விதச் சிக்கல்

திறப்பதற்கு முன் ஒரு கணம், எது எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும். நின்ற இடமே காரணத்தைச் சொல்லிவிடும்.

ஒன்று: புதுத் தோட்டாவின் மூக்கு அறையின் வாயில் முட்டிக்கொண்டு நிற்கிறது. உங்கள் பெண் சொல்வது இதுதான் போலிருக்கிறது. சந்தேகம் முதலில் மாகஸின்மேல் விழ வேண்டும். மேலே தோட்டாவைப் பிடித்து நிற்கும் இரண்டு தகர உதடுகளில் ஒன்று வளைந்திருக்கலாம். ஒரு தடவை சிமெண்டுத் தரையில் விழுந்தாலே போதும். உள்ளே பிசுக்கேறி ஸ்பிரிங் மெதுவாக எழும்பலாம். அல்லது மேல்தோட்டாவின் விளிம்பு, கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கலாம். அப்படி மாட்டினால் மேலது எப்படி முன்னே போகும்? அடுக்கும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழதன் விளிம்புக்கு முன்னால் உட்கார்ந்ததா என்று பார்த்து, மூக்கு சற்றே மேல்நோக்க அடுக்க வேண்டும். மாகஸின் பொத்தானை ஒரேயடியாகக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு தோட்டாக்களைப் பொலபொலவென்று கொட்டினால் தாறுமாறாகத்தான் விழும்.

இரண்டு: காலிக் கூடு வெளியே போகாமல், புகைபோக்கி மாதிரி வாசலில் நட்டுக்கொண்டு நிற்கிறது. வெளியே தள்ளும் வேகம் போதவில்லை என்று அர்த்தம். கொக்கியின் அடியில் அழுக்கு இருக்கலாம். தோட்டா அந்தப் பிஸ்டலுக்குப் பலவீனமாக இருக்கலாம். பிடி தளர்ந்து, போல்ட்டோடு கையும் பின்னால் போயிருக்கலாம்.

மூன்று: காலிக் கூடு அறையைவிட்டே வரவில்லை. அறையில் பிசுக்கு, அல்லது கொக்கியின் முனை தேய்வு. இன்னொரு காரணமும் உண்டு. தோட்டா இல்லாமல் வெறும் விசை இழுத்துப் பழகினால், சில பிஸ்டல்களில் சுத்தியின் முனை அறையின் ஓரத்திலேயே இடித்துப் பிசிறு கிளப்பிவிடும். அந்தப் பிசிறு கூட்டைப் பிடித்துக்கொள்ளும். வெறும் விசை இழுக்கலாமா என்று அந்தப் பிஸ்டலின் கையேட்டைப் பார்த்த பிறகே இழுக்க வேண்டும். பிசிறைச் சரிசெய்வது உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை.

நான்கு: எல்லாம் சரியாக ஏறியது, சுத்தியும் அடித்தது, வெடிக்கவில்லை. முப்பது விநாடிக்குப் பின் எடுத்து, விளிம்பில் விழுந்த தழும்பைப் பாருங்கள். தழும்பு ஆழமாக இருந்தால் தோட்டாவின் குற்றம். மருந்து விளிம்பு முழுக்க ஒரே சீராகப் பரவாமல் போயிருக்கும். தழும்பு லேசாக இருந்தால் சுத்தி ஓடும் பாதையில் அழுக்கு, அல்லது போல்ட் முழுதும் மூடவில்லை.

போல்ட் மூடாததற்கு ஒரு பழக்கமும் காரணமாகலாம். முதல் தோட்டாவை ஏற்றும்போது, சத்தம் வரக் கூடாதென்று சிலர் போல்ட்டைக் கையிலேயே பிடித்து மெதுவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். பெண்களுக்கே உரிய நாசூக்கு! இங்கே அது உதவாது. முழுக்கப் பின்னால் இழுத்து, சட்டென்று விட்டுவிட வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

நாலணா மருந்தில் தீரும் காய்ச்சலுக்கு நாலு டாக்டரைப் பார்ப்பதுபோல, பலர் மாகஸின், தோட்டா, எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுகிறார்கள். சிக்கல் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரிவதில்லை. மறு வாரம் திரும்பி வருகிறது. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

மாகஸின்களின் அடியில் 1, 2 என்று நம்பர் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்றே விஷயம் எழுதினால் போதும்: எந்த மாகஸின், எத்தனையாவது தோட்டா, எந்தப் பெட்டித் தோட்டா. ஒரு வாரத்தில் புத்தகமே பதில் சொல்லும்.

இரண்டாம் நம்பரில் மட்டும் சிக்குகிறது என்றால் அந்த மாகஸின்தான் வில்லன். எல்லா மாகஸினிலும் ஒரு பெட்டித் தோட்டா மட்டும் சிக்கினால் தோட்டாவை மாற்ற வேண்டும். ஆரம்பத்தில் சமர்த்தாக இருந்து, நூறு தோட்டாவுக்குப் பின் தகராறு செய்தால் அழுக்கு. எப்போதும் முதல் தோட்டாவே என்றால் மாகஸின் 'க்ளிக்' என்று உட்காரவில்லை, அல்லது மேலே சொன்ன நாசூக்கு. எப்போதும் கடைசித் தோட்டாவே என்றால் மாகஸின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. நடுவிலே மூன்றாவது, நான்காவது என்றால் தோட்டாக்களின் விளிம்பு மாட்டுகிறதா, மாகஸினின் உள்ளே ஏதாவது உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பயிற்சியாளர் இன்னொரு மாகஸின் தந்து சிக்கல் நின்றுவிட்டால், புதிதாக வாங்க வேண்டியது மாகஸின்தான், பிஸ்டல் அல்ல. அப்பா மறுபடி பேச ஆரம்பித்துவிடுவார்.

தோட்டா விஷயத்தில் ஒரு வார்த்தை. வேகம் அதிகமுள்ள தோட்டா நல்லது என்று நினைக்க வேண்டாம். போட்டிப் பிஸ்டல்களின் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் சாதாரண வேகத் தோட்டாவுக்காக, அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 325 மீட்டர் செல்லும் ரகத்துக்காக, அமைந்தவை. அதற்குள்ளேயும் ஒரு பிஸ்டலுக்கு ஒத்துக்கொள்வது இன்னொன்றுக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டு மூன்று தினுசு பார்த்து, பிடித்ததையே போட்டிவரை தொடர வேண்டும்.

சுத்தம் செய்வதிலும் அளவு வேண்டும். பிஸ்டல் காலி என்று இரண்டு தடவை பார்த்த பிறகு அறையின் வாய், கொக்கியின் அடி, போல்ட்டின் முகம் இவற்றைப் பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் கையேடு சொன்ன இடத்தில். மாகஸினின் உள்ளே எண்ணெய் வேண்டவே வேண்டாம்; கரியைச் சேர்த்துக் களிம்பாக்கிவிடும்.

தாயார்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. தோட்டாவில் ஈயம் இருக்கிறது. சுட்ட கையோடு முறுக்கு தின்பது கூடாது. சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவிய பிறகே டிபன் டப்பா. துடைத்த துணியை வீட்டுத் துணிகளோடு ஊறவைக்க வேண்டாம்.

போட்டி நாளில்

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் போட்டி நடுவே சிக்கிவிட்டால்? 2021-ல் டோக்கியோவில் மனு பாக்கருக்கு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அது காற்றுத் துப்பாக்கி, பழுது வேறு வகை. ஆனால் சரிசெய்வதில் போன நிமிஷங்கள் போனவைதான், இறுதிச் சுற்று கைநழுவியது. அவரே 2024-ல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார் என்பதையும் உங்கள் பெண்ணுக்குச் சொல்லுங்கள்.

25 மீட்டர் போட்டியில், துப்பாக்கியின் கோளாறுக்கு விதிகளே இடம் தருகின்றன. சிக்கியதும் பிஸ்டலின் பிடியை விடாமல், குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு, மற்றக் கையை உயர்த்த வேண்டும். அதிகாரி வந்து பார்ப்பார். கூடு வெளிவராதது, சுத்தி அடித்தும் தோட்டா வெடிக்காதது போன்றவை நியாயமான கோளாறு என்று அவர் கண்டால் நிவாரணம் உண்டு. அவசரப்பட்டுத் தானே போல்ட்டை இழுத்துச் சரிசெய்ய முயன்றால், உள்ளே ஏதும் உடைந்திருந்தாலொழிய, அந்த உரிமை போய்விடும். ஐந்து தோட்டா போட வேண்டிய இடத்தில் நான்கு போட்டிருந்தாலும், தான் முன்பே சரிசெய்திருக்கக்கூடிய காரணமாக இருந்தாலும் நிவாரணம் கிடையாது. இத்தனை தடவைக்குமேல் கோர முடியாது என்ற வரம்பும் உண்டு.

ஆகவே பயிற்சியின்போதே, சிக்கினால் கை தானாக மேலே போகும்படி பழகிவிட வேண்டும். பரீட்சைக்குப் போகும் பெண்ணுக்குப் பேனா இரண்டு கொடுத்து அனுப்புவதில்லையா? அதுபோல, போட்டிக்கு முதல் நாள் இரவு பையில் இவை இருக்கின்றனவா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்: துடைத்து உலர்ந்த மாகஸின்கள், கண்ணாடி, காதடைப்பான், ஒரு பழைய பனியன் துணி, அந்த நோட்டுப் புத்தகம். தோட்டாவும் பிஸ்டலும் க்ளப்பின் பொறுப்பு. பழகிய அதே பெட்டித் தோட்டாவைக் கொண்டுவரும்படி பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கட்டும்.